பட்டியலை யார் போடுவது?

(பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிப்பது குறித்து, சேரி இரவுப்பள்ளி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் அம்மாமார்களே, பாய் இன்னும் ரெண்டு இருக்கு, முன்னால வந்து உட்காருங்க. நிக்கிற பழக்கம் நமக்கு நிறைய இருக்கு, இங்க வேணாம்.

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதையை ஆகஸ்டிலும் வாசிக்கலாம். கவுன்சலிங் விண்ணப்பம் ஆகஸ்ட் வரை காத்திருக்காது. அதனால் இன்றைக்குக் கல்லூரிகளைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எந்தக் கல்லூரியை எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது, யார் எழுதுவது. இதைப் போய் ஒரு அரசியல் கூட்டத்தில் பேசணுமா என்று நினைக்கிற தோழர்கள் இங்கேயும் இருப்பார்கள். பேசணும் என்பதுதான் என் கட்சி.

நம்மை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 1936இல் வெள்ளைக்காரன் போட்டது, 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. அந்தப் பட்டியலை நாம் போடவில்லை. இப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இன்னொரு பட்டியல் வருகிறது, கல்லூரிப் பட்டியல். அதையாவது நம் கையால் போட வேண்டாமா? நான் பார்த்த வரைக்கும் நம் தெருக்களில் அதையும் வேறு ஆள்தான் போட்டுக்கொடுக்கிறான்.

ஊர்த்தெருவில் ஒரு பையன் பாஸானால் என்ன நடக்கிறது? மாமா ஒருத்தர் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருக்கிறார். சித்தி மகள் கிண்டியில் படித்தவள். அத்திம்பேர் பெங்களூரில் இருக்கிறார். ஒரு ராத்திரியில் நாலு போன், பட்டியல் தயார். நிலம், கிணறு, மாடு மாதிரி தகவலும் ஒரு சொத்து. அது பரம்பரையாக வருகிறது, பத்திரம் இல்லாமலே கைமாறுகிறது. அந்தச் சொத்துக்குத்தான் அவர்கள் 'தகுதி', 'திறமை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் யாருக்குப் போன் போடுவது? போன் போட வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு ஆள் வந்து நிற்கிறான், வெள்ளைச் சட்டை, கையில் பேடு. புரோக்கர். அவன் தன்னை 'எஜுகேஷன் கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொள்வான்.

"பைசா செலவு கிடையாதும்மா. ஸ்காலர்ஷிப்புலயே நாலு வருசமும் ஓடிடும். காலேஜ் பஸ் தெரு முனைக்கே வரும். ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க."

இவனுக்கு நம் தெருமேல் என்ன அக்கறை? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளைத் திறந்துவிட்டார்கள். அதே 1984இல்தான் நுழைவுத் தேர்வையும் கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். காசு இருந்தால் ஒரு வாசல், ட்யூஷன் இருந்தால் இன்னொரு வாசல். கல்லூரிகள் பெருகிப் பெருகி ஐநூறைத் தாண்டின. பிறகு இடங்கள் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் மூடின, எண்ணிக்கை நானூறு சொச்சத்துக்கு இறங்கியது. காலி இருக்கைகளை வைத்துக்கொண்டு கடன் கட்ட முடியாத முதலாளிக்கு, யாருடைய கட்டணம் அரசாங்கத்திடமிருந்து வரும் என்று தெரியும். 2012இல் ஆதிதிராவிடர் நலத்துறை போட்ட 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற தலித், பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே தரும் என்றது. அந்த ஆணையை நான் குறை சொல்லவில்லை. அதனால் படித்து மேலே வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அன்றையிலிருந்து நம் பிள்ளை ஒவ்வொன்றும் அந்த முதலாளி கண்ணுக்கு ஒரு காசோலையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. குளத்துப் பக்கம் தண்ணி மொள்ள விடாதவன் காலேஜ் பஸ்ஸைத் தெருவுக்குள் அனுப்புகிறான் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கணும்.

என் அத்தை மகன் அப்படித்தான் போனான். கல்லூரிப் பேர் வேண்டாம். முதல் வருசம் ஒண்ணும் கேட்கவில்லை. ரெண்டாம் வருசம் "உன் ஸ்காலர்ஷிப் வரல, பணத்தக் கட்டு, இல்லாட்டி ஹால் டிக்கெட் கிடையாது" என்றார்கள். வகுப்பில் வந்து "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று எழுப்பி நிறுத்தினார்கள். அதுவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் டப்பாவில் கைபோட்டவன், மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். இவன் கல்லூரியை விட்டு நின்றபோது மாற்றுச் சான்றிதழும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் அங்கே மாட்டிக்கொண்டன. மனுப்போட்டு, அலைந்து, திரும்ப வாங்க ஒன்றரை வருசம். இப்போது பெயிண்ட் வேலைக்குப் போகிறான். அவனுக்கு கவுன்சலிங் கட்ஆஃப் 138 இருந்தது. அரசுக் கல்லூரிகளில் எந்தெந்தப் பிரிவு அந்த மார்க்குக்கு நம் இட ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கும் என்று முந்தைய வருசக் கணக்கைப் பார்க்க அவனுக்கு ஒரு ஆள் இல்லை. இருந்தது புரோக்கர்.

இந்த இடத்துக்காக நடந்த சண்டை இன்று நேற்றைய சண்டை இல்லை. செண்பகம் துரைராஜன் வழக்கை மருத்துவக் கல்லூரி வழக்கு என்றே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு பொறியியல் கல்லூரிக்கானது, சீனிவாசன் என்பவர் போட்டது. அன்றைய சென்னை மாகாணத்தில் நாலு பொறியியல் கல்லூரி, மொத்தமே 395 இடம். வகுப்புரிமை ஆணைப்படி பதினாலு இடத்துக்கு ரெண்டு நமக்கு. அந்த ரெண்டையும் பொறுக்க முடியாமல்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1951 ஏப்ரலில் ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தெருவில் இறங்கிப் போராடிய பிறகு அதே வருசம் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது, 15(4) வந்தது. பிறகு 69 சதவீதம், 1993 சட்டம், ஒன்பதாவது அட்டவணை. 2007இல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. இதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் கையில் இருக்கும் அந்த 18 சதவீதம். அதைக் கொண்டுபோய்த் தேர்ச்சியே இல்லாத ஒரு கட்டடத்தில் கொட்டுவதா என்பதுதான் என் கேள்வி.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. இதில் உங்களுக்கு வருவதுதான் கட்ஆஃப். பொதுத் தரவரிசை ஒன்று வரும், சமூகத் தரவரிசை ஒன்று வரும். ரெண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஓசி' என்றால் உயர்சாதி ஒதுக்கீடு என்று இன்னமும் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓப்பன் காம்பெடிஷன், பொதுப்போட்டி. அந்த 31 சதவீதத்தில் மார்க் இருந்தால் நாமும் உட்காரலாம். அப்படி உட்கார்ந்தால் நம் 18இல் ஒரு இடம் இன்னொரு பிள்ளைக்கு மிச்சமாகும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீதம் தனியாக இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பள்ளிக்கூட விவரத்தை எமிஸ் பதிவில் சரிபார்க்காமல் விட்டு இந்த உரிமையை இழந்துவிடாதீர்கள்.

அருந்ததியர் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உங்களுக்கு முன்னுரிமை, 2009 சட்டம். மீதி இடங்களிலும் நீங்கள் போட்டி போடலாம், அதையும் அதே சட்டம் சொல்கிறது. உள்ஒதுக்கீடு கூடாது என்று நமக்குள்ளேயே வழக்குக்குப் போனவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. சேரிக்குள்ளே இன்னொரு சேரியை வைத்துக்கொண்டு நாம் ஊர்த்தெருவைக் கேள்வி கேட்க முடியாது. நமக்கு மூத்த பிள்ளைகள் நாலு பேர் எஞ்சினியர் ஆனபிறகு அவர்களுக்கு முதல் பிள்ளை இப்போதுதான் வருகிறது. விண்ணப்பம் போடுவதில் முதல் உதவி அந்தத் தெருவுக்குப் போகட்டும்.

கல்லூரியை எடைபோட ஒரு கருவி கையிலேயே இருக்கிறது. தன்கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை ஒவ்வொரு செமஸ்டருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. எடுத்துப் பாருங்கள். நூறுக்கு ஒற்றை இலக்கத்தில் தேர்ச்சி காட்டிய கல்லூரிகளும் அதில் வந்திருக்கின்றன. ஒரு செமஸ்டரை மட்டும் பார்க்காமல் நாலைந்து செமஸ்டர் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் போட்டுத் தாங்களே திருத்துகிறவர்கள், அந்த மார்க்கை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது. இரண்டாவது, முந்தைய வருசங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தச் சமூகத்துக்கு எந்த கட்ஆஃப் வரை போனது என்ற விவரம் கலந்தாய்வு நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளத்தில் கிடைக்கிறது. இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தால் புரோக்கர் தெருவுக்குள் வரவே வேண்டாம்.

வாத்தியார் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். சிரிக்காதீர்கள். 2024 ஜூலையில், ஒரே வாத்தியார் பேர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது வெளியே வந்து, அண்ணா பல்கலைக்கழகமே விசாரணை வைத்தது. கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் காட்டுகிற புத்தகத்தில் இது வராது. அந்தக் கல்லூரியில் மூன்றாம் வருசம் படிக்கிற பையனைப் பிடித்து, "ரெண்டாம் வருசம் கணக்கு எடுத்த சார் இப்பவும் இருக்காரா?" என்று கேட்டால் போதும்.

இன்னொன்று, எந்த ரேங்க் பட்டியலிலும் இல்லாதது. காலை எட்டரைக்குக் கல்லூரி வாசலில் போய் நின்று பையன்களின் மணிக்கட்டைப் பாருங்கள். எத்தனை கலர் கயிறு? நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில், பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் கட்டிய கயிறு பிளஸ் டூவோடு அவிழ்ந்துவிடுமா? பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்காருகிறார்கள், விடுதியில் அறைகளை எப்படிப் பிரிக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசகர் வட்டமாவது இருக்கிறதா, இதையெல்லாம் கேளுங்கள். 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ஒரு மொட்டைக் கடுதாசியை வைத்துப் பறித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வட்டம் இருக்கிற இடத்தில் நம் பிள்ளைக்கு ஒரு தோள் இருக்கிறது.

ஐஐடி பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்கே போகாதே, கொன்றுவிடுவார்கள் என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை 2016இல் இழந்தோம். பம்பாய் ஐஐடியில் 2023இல், சேர்ந்து சில மாதமே ஆன ஒரு தலித் மாணவனை இழந்தோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் நான் போகச் சொல்கிற கட்சி. ஐஐடிகளில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு டியூஷன் கட்டணம் இல்லை. திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. நாம் எழுதாமல் விட்டால் அந்த இடம் நமக்காகக் காத்துக்கொண்டிருக்காது. தனியாக அனுப்பாமல் அங்கே ஏற்கெனவே இருக்கிற நம் ஆள் யார் என்று தேடி, அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

2024இல் உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகன் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் வாங்கினான். சேர்க்கைப் பணம் 17,500 ரூபாய். கடைசி நாள் சாயந்திரம் ஐந்து மணிக்குள் கட்டணும். பணத்தைப் புரட்டிக் கொண்டுவருவதற்குள் இணையதளம் மூடிவிட்டது, இடம் போனது. அந்த வருசம் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்து நின்றான் அந்தப் பையன். கடைசியில் உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி செப்டம்பர் 30 அன்று அவனைச் சேர்க்கச் சொன்னது. 142ஆவது பிரிவு எல்லாப் பிள்ளைக்கும் வராது. 17,500 ரூபாயை ஒரு மத்தியானத்தில் எடுத்துக் கொடுக்க ஒரு தெரு தயாராக இருந்திருந்தால் அவனுக்கு நீதிமன்றமே தேவைப்பட்டிருக்காது. நாம் வருசா வருசம் நினைவு நாளுக்கு பிளக்ஸ் அடிக்கிறோமே, அந்தக் காசில் பாதியை ஜூன் மாதத்துக்கு எடுத்து வைக்க முடியுமா என்று சங்கத்துத் தோழர்கள் யோசிக்கணும். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

பணம் என்றதும் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வங்கியில் கிளார்க், கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன். ஜூன், ஜூலையில் நகைக்கடன் வரிசை நீளும். கழுத்துக் கயிற்றில் கோத்த தாலிக்குண்டை அவிழ்த்துத் தராசில் வைக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் கல்விக்கடன் மனு தூசி படிந்து கிடக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் மேனேஜர் சொன்னார்: "எஸ்சி பசங்களுக்குத்தான் கவர்மென்ட்டே குடுக்குதே, இவங்களுக்கு எதுக்கு லோன்?" சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது. 2015இல் வந்த கடன் உத்தரவாதத் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை ஜாமீன் ஆளும் தேவையில்லை. படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருசமும் தவணை கிடையாது. வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்துவிட்டு வங்கிக்கு வாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பல மேனேஜர்களுக்குக் குரல் இறங்குவதை நான் உள்ளே இருந்து பார்க்கிறேன். வட்டி மானியத்துக்கு 2018இலிருந்து ஒரு நிபந்தனை உண்டு: கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ, படிப்புக்கு என்பிஏ தரச்சான்றோ இருக்கணும். ஆக, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே வட்டியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, 1944இல் தொடங்கியது, அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் இருந்தபோது வாதாடி வாங்கியது. குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள் இருக்கணும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு இந்தப் பணத்தை நம்பாதீர்கள். புரோக்கர் ஒற்றைச் சாளரம் என்று சொல்லி மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்து வாங்குவான். தகுதியுள்ள பிள்ளை முன்பணம் கட்டாமலே சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று 2021 வழிகாட்டு நெறியில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. எந்தக் கணக்கில் கடைசியாக ஆதார் இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் ஒரு கணக்கு, காஸ் மானியத்துக்கு ஒன்று, கல்லூரியில் சொன்னார்கள் என்று மூணாவது ஒன்று. பிறகு பணம் வரவில்லை என்று கவுண்டரில் அழுகிற பிள்ளைகளுக்கு நான் தேடிக் கொடுத்திருக்கிறேன், அவர்களே மறந்துபோன கணக்கில் கிடக்கும். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.

கிறித்தவத்துக்குப் போன ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீட்டில் பிசி கணக்கு, உதவித்தொகையை மட்டும் மாநில அரசு தருகிறது. மாதா கோயிலுக்குப் போனாலும் கல்லறையில் சுவர் வைத்துப் பிரிக்கிறவனுக்கு அவன் சாதி தெரிகிறது, ஒதுக்கீட்டுக்கு மட்டும் தெரியவில்லை. அது தனிக் கூட்டத்தில் பேச வேண்டியது. இப்போதைக்குச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதன்படியே விண்ணப்பத்தில் போடுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம். என் சித்தப்பா மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் வந்தது, ராத்திரி பஸ்ஸில் எட்டு மணி நேரத் தூரம். வீட்டில் எல்லாரும் பக்கத்துக் காலேஜே போதும் என்றார்கள். சித்திதான், நடவுக்குப் போகிற மனுஷி, "பக்கத்துல இருந்தா மட்டும் நான் என்ன கூடயா போய் உக்காரப் போறேன்?" என்று கேட்டு அனுப்பினாள். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அரசு விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி ரெண்டுக்கும் மனுப்போடுங்கள். சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும். போய்ச் சண்டை போட்டு மாற்றலாம்.

எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறீர்கள். நல்ல கல்லூரியில் சிவிலா, தேறாத கல்லூரியில் கம்ப்யூட்டரா என்றால் நான் நல்ல கல்லூரி பக்கம். சிவில், மின்பொறியியல் படித்தவர்களுக்கு அரசுத் தேர்வுகளிலும் ஒதுக்கீட்டு இடம் இருக்கிறது, தனியார் கம்பெனியில் அது கிடையாது. ஆனால் விருப்பமே இல்லாத பாடத்தில் நாலு வருசம் உட்கார முடியாது, அதனால் இதில் முடிவு உங்களுடையது.

கடைசியாக விருப்பப் பட்டியல். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பயத்தின் வரிசையில் எழுதாதீர்கள், ஆசையின் வரிசையில் எழுதுங்கள். 'எனக்கெல்லாம் கிண்டி கிடைக்குமா' என்று நீங்களே வெட்டிவிட்டால், கம்ப்யூட்டர் உங்களிடம் திரும்ப வந்து கேட்காது. கிண்டி, எம்ஐடி, பிறகு கோவை, காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர், போடி அரசுக் கல்லூரிகள், பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள், உதவிபெறும் கல்லூரிகள், அதற்கப்புறம் நல்ல தேர்ச்சி காட்டுகிற சுயநிதிக் கல்லூரிகள். சேரவே மாட்டேன் என்கிற கல்லூரியை எழுதாதீர்கள். எழுதினால் அதுவே வந்து விழலாம். இடம் வந்ததும் ஒத்துக்கொண்டு சேர்வதா, ஒத்துக்கொண்டு மேலே கிடைக்குமா என்று காத்திருப்பதா என்று கேட்கும். பதில் சொல்ல சில நாள்தான் அவகாசம். அந்த நாள்களில் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விடாதீர்கள். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்தான். நம் பிள்ளைகளின் கடவுச்சொல்லை வாங்கி ஒரே கல்லூரியை முதலில் போட்டு மூடிவிடுகிற வேலை மாவட்டம் மாவட்டமாக நடக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மூணு தோழர்களும் இதே இரவுப்பள்ளியில் உட்கார்ந்திருப்போம். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், எல்லாத்துக்கும் ரெண்டு நகல். பதிவுக்கட்டணம் நமக்கு 250 ரூபாய், கையில் இல்லாதவர்கள் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், ஓடிபி அதில்தான் வரும். அப்பா போனாக இருந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.